தண்ணீரில் இறங்கும் விமானமும் தண்ணீருக்கு உரியவர்களும்

விமானங்கள் மீது எனக்குள்ள பித்து நண்பர்கள் மத்தியில் பிரசித்தமானது. யாழ்ப்பாணத்தில் பிறந்து எண்பதுகளில் வளர்ந்த ஒருவனுக்கு இப்படியொரு ஆசை எப்படி வாய்த்தது என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதே. எங்கள் தலைமுறை ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கப் பழகியது அழகை ரசிப்பதற்காக அல்ல. பதுங்கு குழிக்குள் இறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்கிடுவதற்காகவே. பொம்மர், சகடை, பின்னாளில் வன்னியில் வண்டு என்று, வந்த ஒவ்வொன்றுக்கும் சனங்கள் தாங்களே பெயர் வைத்தார்கள். சத்தத்தை வைத்தே வகை சொல்லக்கூடிய பாட்டிமார் எங்கள் ஊரில் இருந்தார்கள். எந்த விமான ஆர்வலரும் அவர்களிடம் தோற்றுப்போவார்.

'சியாமாசெட்டி' என்ற பெயரைக் கேட்டால் என் வயதையொத்த எவருக்கும் இன்றும் வயிறு கலங்கும். அதன் உண்மையான பெயர் சியாய் மார்க்கெட்டி எஸ்.எவ். 260. ஸ்டெலியோ ஃபிராட்டி என்ற இத்தாலிய வடிவமைப்பாளரின் கைவண்ணம். 1964இல் முதன்முறையாகப் பறந்தது. விமானிகளைப் பயிற்றுவிப்பதற்கும் வானில் குட்டிக்கரணம் அடிப்பதற்கும் உகந்த, பார்ப்பதற்கு மிக லட்சணமான இலகுரக விமானம். பெல்ஜிய விமானப்படையின் சாகச அணி இதே வகை விமானங்களைச் சிவப்பு வர்ணம் பூசி ஐரோப்பியக் கண்காட்சிகளில் பறக்கவிடுகிறது. இலங்கை விமானப்படை 1985இல் இதனை வாங்கி, இறக்கையின் கீழ் குண்டுகளைப் பொருத்தி வடக்கிற்கு அனுப்பியது. 2007 மார்ச் 26 அதிகாலையில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது புலிகள் குண்டு வீசியதும் செக் நாட்டுத் தயாரிப்பான சிலின் என்ற சிறிய விமானத்திலிருந்துதான். ஓய்வு நாளில் ஓட்டி மகிழ்வதற்கென்று உருவாக்கப்பட்டவற்றை இரு தரப்பினருமே வேறெதற்கோ பயன்படுத்தினார்கள்.

ஆகவே விமானக் கண்காட்சிகளை என்னால் முழுமனதுடன் ரசிக்க முடிவதில்லை. 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டு நிறைவையொட்டி, காலிமுகத்திடலின் மேல் இந்தியாவின் சூரியகிரண் அணியும் சாரங் ஹெலிகொப்டர்களும் தேஜஸ் போர் விமானமும் சாகசம் காட்டின. நானும் போயிருந்தேன். ஜெட் ஒன்று தலைக்கு மேலால் தாழ்ந்து சென்றபோது பக்கத்தில் நின்ற சிறுமி துள்ளிக் கைதட்டினாள். என் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. அவளது மகிழ்ச்சியில் பிழை இல்லை. ஆனால் இவ்வாறான காட்சிகள் அடிப்படையில் அரசுகளின் படைபல அணிவகுப்புகளே என்பதை மறந்துவிடலாகாது. 2024 ஒக்டோபர் 6இல் சென்னை மெரினாவில் நடைபெற்ற கண்காட்சியைக் காண வந்தவர்களில் ஐந்து பேர் வெயிலிலும் நெரிசலிலும் வாடி உயிரிழந்தார்கள். ஆகாயத்தில் அத்தனை ஒழுங்கு. தரையில் குடிதண்ணீருக்கு வழியில்லை.

என் மனதை உண்மையாகக் கவர்ந்தவை கடல் விமானங்கள். அதற்குக் காரணம் காலிக்கும் மாத்தறைக்கும் இடையிலுள்ள கொக்கல வாவி. அந்த வாவியின் கதை எங்கள் பாடப்புத்தகங்களில் விரிவாக இடம்பெறவேண்டிய ஒன்று.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி இங்கிருந்து கிளம்பிய கட்டலினா விமானமொன்றில், கனடிய விமானப்படையின் லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படைத் தொகுதியைக் கண்டார். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். பேர்ச்சல் உட்பட அறுவர் யுத்தம் முடியும்வரை ஜப்பானியரின் கைதிகளாயினர். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது அது முற்றிலும் எதிர்பாராத தாக்குதலாக இருக்கவில்லை.

அதைவிட வியப்பானது 1943 நடுப்பகுதியில் தொடங்கியது. சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்ததால் அவுஸ்திரேலியாவிற்கும் பிரித்தானியாவிற்கும் இடையிலான ஆகாயவழி அறுந்திருந்தது. குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கட்டலினாக்களைக் கொண்டு பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கல வரை நேரடியாகப் பறந்தது. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். பயண நேரம் 27 முதல் 32 மணித்தியாலங்கள்! எதிரியின் காதில் விழாதிருக்க வானொலி மௌனம், வழிகாட்ட நட்சத்திரங்கள். எரிபொருளின் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலாது. ஒரே பயணத்தில் இரு தடவை சூரியன் உதிப்பதைக் கண்டதால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வந்தது. 1945 நடுப்பகுதி வரை 271 தடவைகள் இவ்வாறு சமுத்திரத்தைக் கடந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பெருமையாக எழுதுகின்ற ஆங்கில நூல்களில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகக்கூட வராத ஒரு விடயம் உண்டு. இந்தத் தளத்திற்காகக் கொக்கல கிராமத்தவர்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பரம்பரை வீடு தப்பியது. இன்று அது நூதனசாலை. பலாலி விமானத்தளமும் அதே யுத்தகாலத்தில் பிரித்தானியர் அமைத்ததுதான். தெற்கிலும் சரி வடக்கிலும் சரி, விமானம் இறங்குவதற்கு முன்னர் யாரோ ஒருவர் மூட்டை கட்டவேண்டியிருந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் கட்டுநாயக்கவிலிருந்து கொக்கல வரை ஒரு செஸ்னா கரவானில் பறந்தேன். மிதவைகளுக்குள் சில்லுகளும் உள்ள ஈரூடக வகை. தரையிலிருந்து எழுந்து நீரில் இறங்கும்போது சில்லுகளை உள்ளிழுக்க மறந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே விமானி வாய்விட்டுச் சொல்லியே சரிபார்ப்பதுண்டு. வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்: சிறு அலையடிக்கும் நீரைவிடக் கண்ணாடிபோல் அசையாத நீரே விமானிக்கு ஆபத்தானது, நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று கண் ஏமாந்துவிடும். அன்று மெல்லிய காற்று இருந்தது. மிதவைகள் நீரைத் தொட்டதும் கேட்ட அந்தச் சரசரப்பை என் வாழ்நாளில் மறவேன்.

ஆயினும் 2011இல் நீர்கொழும்புக் களப்பில் கடல் விமான இறங்குதுறை அமைக்க அரசாங்கம் முற்பட்டபோது வீதியில் இறங்கிப் போராடிய மீனவர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான கருத்து. அபிவிருத்தி புரியாத சனங்கள் என்று கொழும்பில் அப்போது சிலர் ஏளனம் செய்ததைக் கேட்டிருக்கிறேன். எழுபது பேர் வலை வீசும் நீரில் ஏழு பயணிகள் இறங்குவதற்கு ஒரு நீள் பாதையை வெறுமையாக வைத்திருக்கவேண்டும் என்றால், நட்டம் யாருக்கு என்பதைக் கணக்கிடப் பட்டம் தேவையில்லை.

வடக்கின் களப்புகளில் கடல் விமானம் விடலாம் என்ற ஆலோசனையைச் சுற்றுலா பற்றிய உரையாடல்களில் அடிக்கடி கேட்கிறேன். அதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படாத நிலையில், பலாலி ஓடுபாதையை நீட்டுவது பற்றி யார் பேசினாலும் எவருடைய காணியில் என்ற கேள்வி எழுகிறது. தண்ணீருக்கோ உறுதி இல்லை, வேலி இல்லை என்று நினைக்கத் தோன்றும். நெடுந்தீவில் ஒரு கர்ப்பிணிக்கு நடுநிசியில் ஆபத்து என்றால் என்ன செய்வது என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் 1928 முதல் சிறிய விமானங்களில் வைத்தியர்கள் பறக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் இறங்குவது தரையில். மாரியில் வள்ளம் போகமுடியாதபடி கடல் குமுறும் அதே இரவில் மிதவை விமானமும் இறங்காது. தீவகத்திற்கு வேண்டியது ஹெலிகொப்டரும் நல்ல அம்புலன்ஸ் படகும், எல்லாவற்றுக்கும் முன்னர் நிரந்தர வைத்தியருமாகும்.

மேலும் யாழ்ப்பாணக் களப்பு ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே தொழில் செய்கிறார்கள். தடிகள் நட்டுக் களங்கண்டி கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் நீலமாகத் தெரியும். வரைபடத்தில் கோடு கீறுகின்றவர்கள் முதலில் குருநகருக்கும் பாசையூருக்கும் நாவாந்துறைக்கும் போகட்டும். எந்த மாதத்தில் எந்த இடத்தில் யாருடைய களங்கண்டி நிற்கிறது என்று சங்கத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவர்கள் சம்மதித்து ஒரு மூலையைக் காட்டினால், அங்கே வந்திறங்கும் முதல் விமானத்தைப் பார்க்கப் பண்ணைப் பாலத்தில் நானும் நிற்பேன்.