செயலியை மாற்றுகிறவர்கள் கையேட்டையும் அன்றைக்கே மாற்றுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் செயலி செய்து கொடுக்கிற நம்மூர்த் தம்பிமார் வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மற்றவர்களும் வாசியுங்கள். அந்தச் செயலிகளைப் பாவிப்பது நீங்கள்தானே.

போன தவணையில் நடந்தது இது. எங்கள் பாடசாலையில் வரவு இடாப்பில் எழுதுவதோடு ஒரு செயலியிலும் பிள்ளைகளின் வரவைப் பதிகிறோம். செயலியைத் தந்தபோது தமிழில் 18 பக்கக் கையேடு ஒன்றும் தந்தார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல கையேடுதான். அதில் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: வராத பிள்ளைகளைக் குறித்து 'சமர்ப்பி' என்பதை அழுத்துங்கள், பகல் 12 மணி வரை திருத்தலாம், அதற்குப் பிறகுதான் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். போகும்.

இந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்கள் வேலை செய்தோம். முதலாம் பாடவேளையில் கதிரையில் இல்லாத பிள்ளைகளை எல்லாம் 'வரவில்லை' என்று குறித்துவிடுவோம். பிறகு மாணவத் தலைவர் கடமைக்குப் போனவர், பஸ் பிந்தி வந்தவர், போட்டிப் பயிற்சிக்குப் போனவர் என்று ஒவ்வொருவராகத் திருத்துவோம். பகல் 12 மணிக்குள் இடாப்பு சரியாகிவிடும்.

ஒருநாள் காலை ஒன்பது மணி இருக்கும். என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் வாப்பா ஓடி வந்தார். மேசன் வேலை செய்கிறவர். கையில் சீமெந்து காயவில்லை. யாருடையதோ மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சேர், என்ட புள்ள எங்க? காலையில நான்தானே கேட்டடியில இறக்கிட்டுப் போனேன்!"

பிள்ளை பிரதான மண்டபத்தில் தமிழ்த் தினப் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். அவர் அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். வீட்டில் உம்மா அழுது பக்கத்து வீட்டார் எல்லாம் கூடிவிட்டார்களாம். அரைநாள் கூலியும் போனது. என்மேல் கோபப்படவில்லை. "புள்ள இருந்தாப் போதும் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

செயலி செய்தவர்களுக்குப் போன் எடுத்தேன்.

"அது புது வேர்ஷன்ல மாத்திட்டம் சேர். இப்ப சமர்ப்பி அழுத்தின உடனே எஸ்.எம்.எஸ். போகும். சில பாடசாலைகள் அப்பிடித்தான் கேட்டாங்க."

"அப்ப கையேட்டுல தம்பி?"

"அத இன்னும் மாத்தல்ல சேர். நேரம் கிடைக்கல்ல."

மாற்றம் பிழையான மாற்றம் அல்ல. பிள்ளை வரவில்லை என்றால் பெற்றோருக்கு உடனே தெரிய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. செயலி அந்தக் கோரிக்கைப்படிதான் வேலை செய்தது. கையேடு பழைய செயலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நடுவில் அகப்பட்டது அந்த மேசன் காக்கா.

இது இத்தோடு முடியவும் இல்லை. அந்த வாரத்தில் இன்னும் சில வீடுகளுக்கு இப்படிப் பிழையான செய்தி போயிருக்கிறது. 'ஆப் சும்மா சும்மா அனுப்புது' என்று பெற்றோர் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மகன் உண்மையிலேயே பாடசாலைக்கு வரவில்லை. எஸ்.எம்.எஸ். போனது. உம்மா பார்த்தார், வழமையான பிழை என்று நினைத்து விட்டுவிட்டார். பையன் கூட்டாளிமாரோடு கடலில் குளித்துக்கொண்டிருந்தான். அல்ஹம்துலில்லாஹ், பகல் சோற்றுக்கு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தான்.

கையேடு பற்றிப் பேசினால் செயலி செய்கிற தம்பிமார் இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, "அத யாரு சேர் வாசிக்கிறாங்க?" எல்லோரும் வாசிப்பதில்லை, சரி. ஆனால் எந்த அலுவலகத்திலும் எந்தப் பாடசாலையிலும் ஒருவர் வாசிப்பார். அனேகமாக ஓய்வு பெறப் போகிற வயதில் ஒரு ஆசிரியை, அல்லது ஒரு பழைய இலிகிதர். பிழை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வரி வரியாக வாசிப்பார். மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் பழகுவார்கள். அவர் வாசித்த ஒரு பிழையான வரி நாற்பது பேருடைய பழக்கமாகிவிடும்.

இரண்டாவது பதில், "கையேடே தேவையில்லாத மாதிரி ஆப்பை இலேசாச் செஞ்சா முடிஞ்சுதே?" இதில் பாதி உண்மை இருக்கிறது. பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இடம் மாறினாலும் நிறம் மாறினாலும் பிள்ளைகள் அரை நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவார்கள். ஆனால் அழுத்தினால் என்ன நடக்கும், யாருக்குப் போகும், எப்போது போகும், திருப்பி எடுக்கலாமா என்பதெல்லாம் திரையில் தெரியாது. அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். நேரமில்லை என்றால் படங்களை மாற்றாமல் விடுங்கள், பரவாயில்லை. நேரம், பணம், அழித்தல், அனுப்புதல் ஆகியவற்றைப் பற்றிய வரிகளை மட்டும் புதிய பதிப்பு வெளியாகும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். இதுதான் நான் கேட்பது.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் வட்ஸ்அப். அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழிக்கிற வசதி 2017 இல் வந்தபோது 7 நிமிடத்துக்குள்தான் அழிக்கலாம். பிறகு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் என்று ஆக்கினார்கள். 2022 ஓகஸ்டில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை நீட்டினார்கள். 'வட்ஸ்அப் பாவிப்பது எப்படி' என்று யாரோ எழுதிய பழைய 7 நிமிடக் குறிப்பை இன்னும் நம்பியிருக்கிறவர், எட்டாவது நிமிடத்தில் கைவிட்டுவிடுவார். குடும்பக் குரூப்பில் தவறிப் போட்ட படம் அப்படியே கிடக்கும். பட்டன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எண்ணம் பழையது.

மற்றவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் கதையையும் சொல்ல வேண்டும். உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுக்கிற பிள்ளைகளுக்குப் பைத்தன் மொழி இருக்கிறது. பைத்தன் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தன் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியோடு முடிந்தது. நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த போட்டோகொப்பிக் குறிப்பின் சில பக்கங்கள் ஒரு நண்பரின் பழைய குறிப்பிலிருந்து எடுத்தவை. அவை பைத்தன் 2 காலத்தவை.

அதில் இரண்டு வகைப் பிழை இருந்தது. பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாமல் எழுதியிருந்தது ஒன்று. பைத்தன் 3 இல் அப்படி எழுதினால் ஓடாது, அடைப்புக்குறியைக் காணோம் என்று கணினியே சொல்லிவிடும். பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்திவிடும். மற்றது வகுத்தல். பழைய பைத்தனில் 5/2 என்று கொடுத்தால் விடை 2. புதியதில் 2.5. இதில் கணினி ஒன்றும் சொல்லாது. புரோகிராம் ஓடும், விடை மட்டும் வேறு.

தவணைப் பரீட்சையில் ஒரு மாணவி 2 என்று எழுதியிருந்தார். நான் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அடுத்த நாள் குறிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சேர், நீங்க தந்த நோட்ஸ்ல இப்பிடித்தான் இருக்கு."

புள்ளியைக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அன்றிலிருந்துதான் இந்த விடயத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன் என்று சொல்லலாம்.

பைத்தனை உருவாக்குகிறவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள், படிக்க நிறைய இருக்கிறது. மென்பொருளின் மூல நிரலும் அதன் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில்தான் இருக்கின்றன. ஒரு வசதியை மாற்றுகிறவர் அதே மாற்றத்தோடு ஆவணத்திலும் கை வைக்கலாம், பரிசீலிக்கிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஆவணம். பக்கத்தின் மேலேயே எந்தப் பதிப்பைப் பற்றியது என்று இருக்கும், வேறு பதிப்பைத் தெரிவு செய்யவும் முடியும். எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது என்று அந்தந்த இடத்திலேயே சின்னக் குறிப்பும் இருக்கும். பழைய பதிப்பில் வேலை செய்கிறவரையும் அவர்கள் அநாதரவாக விடுவதில்லை.

டொக்டெஸ்ட் என்று இன்னொரு கருவியும் பைத்தனோடு வருகிறது. விளக்கத்தில் எழுதிய உதாரணங்களைக் கணினியே ஓட்டிப் பார்க்கும். எழுதிய விடையும் வந்த விடையும் வேறாக இருந்தால் காட்டிக் கொடுக்கும். என் குறிப்பை அப்படி ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த 5/2 அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஓபன் பி.எஸ்.டி. என்ற பணிசெயல் முறைமையைச் செய்கிறவர்கள் இன்னும் கண்டிப்பு. கையேட்டில் உள்ள பிழையையும் அவர்கள் மென்பொருள் வழுவாகவே கணக்கெடுக்கிறார்கள்.

நம்மூரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செயலி செய்கிறார்கள், அவர்களிடம் அவ்வளவு ஆள்பலம் இல்லை என்று சொல்வீர்கள். தெரியும். ஆனால் கையேட்டின் முதல் பக்கத்தில் 'இது இந்தப் பதிப்புக்குரியது, இந்தத் திகதியில் எழுதியது' என்று ஒரு வரி போட ஆள்பலம் தேவையில்லை. அந்த வரி மட்டும் இருந்திருந்தால், செயலியில் தெரிகிற பதிப்பு எண்ணும் கையேட்டில் உள்ளதும் வேறு என்று எங்கள் பாடசாலையில் யாராவது ஒருவர் கண்டிருப்பார். அப்டேட் வந்திருக்கிறது என்று ஆசிரியர் குரூப்பில் போடும்போது 'இனி எஸ்.எம்.எஸ். உடனே போகும், கவனம்' என்று ஒரு வரி சேர்ப்பதற்கும் ஒரு நிமிடம்தான். 'அப்டேட் பண்ணுங்க' என்று மட்டும் வந்தது.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதலில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பிறகு யாரிடமாவது கொடுத்துத் தமிழாக்குகிறார்கள். அடுத்த பதிப்பில் ஆங்கிலம் மாறும், தமிழுக்கு மறுபடி காசு கொடுக்க மனம் வராது. திரையில் உள்ள சொற்களை மொழிபெயர்த்தவர் ஒருவர், கையேட்டை மொழிபெயர்த்தவர் இன்னொருவர். திரையில் 'உறுதிசெய்', கையேட்டில் 'சமர்ப்பி'. ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துத் தப்பிவிடுவார். தமிழ் மட்டும் தெரிந்தவர்தான் மாட்டிக்கொள்வார். கையேடு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் பழைய கையேடு கிடைக்கிறது.

இன்னொரு ரகமும் உண்டு. வராத வசதியை வந்துவிட்டதாக எழுதுவது. ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் சந்தாக் கணக்குக்கு ஒரு செயலி வாங்கியது. ஜமாஅத்தார் மாதச் சந்தா கட்டியதும் பற்றுச்சீட்டு தானாகப் போகும் என்று கையேட்டில் இருந்தது. போகவில்லை. கேட்டால், "அது அடுத்த வேர்ஷன்ல வரும், கையேட்ட முன்கூட்டியே எழுதிட்டம்" என்று பதில் வந்ததாம். பொருளாளர் பாவம், சந்தா கட்டியும் சீட்டு வரவில்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொதுப் பணம் புழங்குகிற இடத்தில் சும்மாவே சந்தேகம் வரும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, மக்கள் பார்ப்பார்களே என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. மழையில் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. செயலி மாறுவதும் மழை மாதிரித்தான், யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. மாறியதை மேலே வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஒரு யோசனை. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை, பிறகு பல்கலைக்கழக அனுமதி வரும்வரை நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். செயலி செய்கிற தம்பிமார் புதிய பதிப்பை வெளியிடுவதற்கு முதல் நாள், இவர்களில் ஒருவரிடம் கையேட்டையும் போனையும் கொடுங்கள். கையேட்டில் உள்ளபடி மட்டும் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லக் கூடாது. எங்கே முட்டுகிறாரோ அங்கே ஒரு கோடு போடட்டும். ஒரு பின்னேரம் போதும். ஏதாவது கொடுப்பனவும் கொடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள்.

எங்கள் பாடசாலை விடயத்தில் அதிபரோடு பேசினேன். இனி எந்தச் செயலி வாங்கினாலும், பதிப்பு மாறும்போது தமிழ்க் கையேடும் சேர்ந்து மாற வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் இதை யோசியுங்கள். வாங்கிய பிறகு கேட்பதைவிட வாங்கும்போது கேட்பது இலேசு.

கடைசியாக, என்னிடம் பைத்தன் குறிப்பு வாங்கிய பிள்ளைகளுக்கு: வகுத்தல் பற்றிய பக்கம் பிழை. 5/2 இன் விடை 2.5. முழு எண் விடை வேண்டுமென்றால் 5//2 என்று இரண்டு சாய்கோடு போட வேண்டும். திருத்திய பக்கத்தைப் பாடசாலைக்கு முன்னால் உள்ள போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், மேலே திகதியும் பதிப்பும் போட்டிருக்கிறேன். பழைய பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். தம்பி தங்கச்சிமாருக்குக் கைமாறிப் போயிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.