"ஃபிராக்சர் இல்ல"ன்னா "ஒன்னும் இல்ல"ன்னு அர்த்தம் கிடையாது

பைக்கில் இருந்து விழும்போது நாம எல்லாரும் தன்னையறியாம கையைத்தான் ஊன்றுவோம். மணிக்கட்டு வீங்கும். எக்ஸ்ரே எடுப்போம். "ஃபிராக்சர் இல்ல, சுளுக்குதான்"னு சொன்னதும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவோம்.

சிலருக்கு அந்த நிம்மதியே ஆபத்து. அதைப் பத்திதான் இந்த இழை.

மணிக்கட்டில் 8 குட்டி எலும்புகள், 2 வரிசையா இருக்கு. நடுவுல பிறை வடிவத்தில் இருப்பது லூனேட். வேகமான விபத்திலோ, சாரத்தில் இருந்து விழுந்தாலோ இதைச் சுற்றியுள்ள தசைநார்கள் கிழிந்து மற்ற எலும்புகள் பின்னால் நழுவும். இன்னும் விசை அதிகமானா லூனேட்டே உள்ளங்கைப் பக்கம் பிதுங்கிடும். எந்த எலும்பும் உடையாமலே இவ்வளவும் நடக்கலாம்.

அரிதுதான். ஆனா 1993-ல் ஹெர்ஸ்பெர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட 166 பேரில் நான்கில் ஒருவருக்கு ஆரம்பத்தில் இது கண்டுபிடிக்கப்படவே இல்லை.

காரணம் எளிது. நேராக எடுத்த எக்ஸ்ரேயில் ஓரளவு நார்மலாகத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில்தான் குட்டு உடையும். லூனேட் ஒரு டீ கப் மாதிரி நிமிர்ந்து இருக்கணும். அது கவிழ்ந்து கிடந்தா, முடிஞ்சது கதை.

நான் ஆர்த்தோ சர்ஜன் இல்லை. ஆனா கேஷுவாலிட்டியில் அந்தக் கையை முதலில் பார்ப்பது என்னைப் போன்ற எம்பிபிஎஸ் டாக்டர்தான். ராத்திரி கூட்டம் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு படத்தோட மணிக்கட்டு அடியை அனுப்புவதை என்னால ஏத்துக்க முடியல. பக்கவாட்டுப் படம் கோணலா வந்திருந்தா திரும்ப எடுங்க. சக டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போச்சுன்னா அவசரம். நழுவின எலும்பு நரம்பை அழுத்துது. இந்த நிலையில எக்ஸ்ரே கூட எடுக்காம புத்தூர் கட்டு போட்டு இறுக்கினா என்ன ஆகும்னு யோசிங்க.

சிகிச்சை? மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து எலும்பை இடத்தில் உட்கார வைப்பாங்க. அதோட விட முடியாது, திரும்ப நழுவும். ஆபரேஷன் செய்து, கிழிந்த தசைநாரைத் தைத்து, மெல்லிய கம்பிகள் போட்டு நிறுத்தணும். மரத்தல் இருந்தா நரம்புக்கு வழி விடணும். கம்பியை எடுக்கக் கிட்டத்தட்ட 2 மாசம், அப்புறம் பிசியோதெரபி. எல்லாம் சரியா நடந்தாலும் கொஞ்சம் விறைப்பு இருக்கலாம், பிடிமானம் குறையலாம். மாசக்கணக்கில் தாமதமானா எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோறதே கஷ்டம். ஒரு வரிசை எலும்பையே எடுக்க வேண்டி வரலாம். கரண்டி பிடிக்கிற கொத்தனாருக்கு அது பொழப்பு சார்ந்த விஷயம்.

அதனால, மணிக்கட்டில் பலமா அடிபட்டா "சைடு வியூ எடுத்தாச்சா?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. சுளுக்குன்னு அனுப்பி 2 வாரம் ஆகியும் வீக்கம் வடியல, விரலை முழுசா மடக்க முடியலைன்னா, பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கிட்டு பக்கத்து ஜிஹெச் எலும்பு ஓபிக்குப் போங்க. காலையிலேயே போயிடுங்க, டோக்கன் சீக்கிரம் முடிஞ்சிடும்.