வண்டி நம்பரும் வீட்டு விலாசமும்

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் கணக்கு எழுதுகிறாள். அப்பா பெயரில் வாங்கிய ஸ்கூட்டரில் போய் வருவாள். சில வருடங்களுக்கு முன் ஒருநாள், ஒரு ஆசாமி அவள் வண்டியை உரசிவிட்டு அவளிடமே சண்டைக்கு வந்தான். அவள் பதில் பேசாமல் வந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அவன் எங்கள் தெருவில் நின்று, அவள் அப்பா பெயரைச் சொல்லி வீடு எது என்று விசாரித்தான். விசாரித்தது என்னிடம்தான்.

"பேரு எப்படித் தெரியும் தம்பி?" என்றேன்.

"நம்பரைப் போட்டா போன்ல வருது பெரியவரே."

ஏதோ ஒரு செயலியாம். பெயர் கிடைத்தால் போதும், விருத்தாசலம் மாதிரி ஊரில் மீதியை டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். அந்தப் பொய்க்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ரிக்கார்டு அறையில் ஒரு பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மனு எழுத வேண்டும். என்ன காரணம், மனுதாரர் யார், எந்தத் தேதி என்று எல்லாம் பதிவாகும். ஜனங்கள் எங்களைத் திட்டினார்கள். நானும் அதை வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனுவுக்கு என்ன அர்த்தம் என்று அன்று சாயங்காலம்தான் புரிந்தது. பார்த்தவன் யார் என்பதற்கு ஒரு தடயம் இருக்கும்.

வண்டி எண் ரகசியமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடித்துவிட்டு நிற்காமல் போகிறவனைப் பிடிக்க அதுதான் வழி. பழைய வண்டி வாங்குகிறவருக்கும் விவரம் வேண்டும். சேஸிஸில் பொறித்த 17 இலக்க எண் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அவர் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவையெல்லாம் வண்டியைப் பற்றிய சங்கதிகள். வண்டிக்காரர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்ததுதான் தவறு.

2019-ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது. கழற்ற முடியாத பூட்டு, ஹோலோகிராம், லேசர் எண் எல்லாம் உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாக விற்கக் கொள்கை வகுத்திருந்தது. வாகன், சாரதி தரவுகளை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்ததில் 65 கோடி ரூபாய் வந்தது என்று அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் பதில் தந்தார்கள். தகட்டுக்குப் பூட்டு போட்டு, பதிவேட்டைக் கடைக்கு அனுப்பிய மாதிரி ஆயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே சொல்லியாகிவிட்டது. கொள்கையை 2020-ல் கைவிட்டார்கள். போன விவரம் போனதுதான். விற்ற காகிதத்தைத் திரும்ப வாங்கலாம், படித்ததை எப்படித் திரும்ப வாங்குவது?

அமெரிக்கா இதற்கு ஒரு உயிரை விலையாகக் கொடுத்தது. 1989-ல் ரெபெக்கா ஷாஃபர் என்ற இளம் நடிகையை வெறிபிடித்த ஒரு ரசிகன் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றான். விலாசத்தை ஒரு துப்பறிவாளர் மூலம் மோட்டார் வாகனத் துறையின் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தான். 1994-ல் ஓட்டுநர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஒருவன் பாரிஸ் பக்கம் குடியேறிவிட்டான். அவன் பழைய கார் வாங்கிய கதையைச் சொன்னான். அங்கே ஹிஸ்தோவெக் என்று அரசாங்கத்தின் இணையச் சேவை இருக்கிறது. கார் உரிமையாளரே வண்டியின் வரலாற்றை எடுத்து வாங்குகிறவருக்குக் கொடுக்கிறார். சாவி வண்டிக்காரர் கையிலேயே இருக்கிறது. பள்ளியில் 'வீ பிரிவே' என்ற சொல்லைப் படித்தபோது, எல்லார் வீட்டுச் சமாச்சாரமும் எல்லாருக்கும் தெரிந்த நம் ஊரில் இது எதற்கு என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இங்கும் அரசின் எம்பரிவாகன் செயலியில் இப்போது பெயரைப் பாதி மறைத்துத்தான் காட்டுகிறார்கள். நல்லது. அது போதாது. வண்டியின் விவரம் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். ஆளின் விவரம் போலீசுக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும், காரணம் எழுதிக் கேட்டால் மட்டும் திறக்கட்டும். யார் பார்த்தார்கள் என்று வண்டிக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும். பழைய ரிக்கார்டு அறையின் மனுவுக்கு இருந்த மரியாதை கம்ப்யூட்டருக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு மாதம் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். ஸ்கூட்டர் திண்ணை ஓரமாக, நம்பர் பிளேட்டில் சாக்கு போட்டு நின்றது.