எழுத ஆள் இருக்கிறார், மேடை எங்கே?

திருவிழாக் காலம் நெருங்கினால் ஆலய நிர்வாகங்கள் கூடிக் கணக்குப் போடுகின்றன. பந்தலுக்கு இவ்வளவு, அன்னதானத்திற்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடகருக்கு இவ்வளவு. அந்தக் கணக்கில் ‘உள்ளூர் எழுத்தாளரின் புதிய நாடகம்’ என்று ஒரு வரி இருக்கிறதா? மலாக்காவில் எத்தனை ஆலயங்களில், எத்தனை மண்டபங்களில் இருக்கிறது?

முன்பு நிலைமை இப்படி இல்லை. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்கள், இரவில் லயத்து முற்றத்தில் கூத்துப் பழகினார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அரிச்சந்திரன், நல்லதங்காள் என்று விடிய விடிய நடந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் கூட இரவு முழுவதற்குமான பாட்டையும் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தார். பின்னர் சீர்திருத்த நாடகங்கள் வந்தன. 1952-இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கிய பிறகு கலைக்கும் எழுத்துக்கும் ஒரு புது வேகம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, தாமான்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது நம் மக்கள் வீட்டை மட்டுமா இழந்தார்கள்? மேடையையும் அல்லவா இழந்தார்கள்!

நாடகமாக்க நம்மிடம் கதை இல்லையா? இந்த நாட்டில் வணிக ரப்பர் பயிர் முதலில் வேரூன்றிய இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார்; அடுத்து புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. அதே புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் 1967-இல் நியாயம் கேட்டு கோலாலம்பூரை நோக்கி நடந்தே புறப்பட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தாத்தாக்கள், 1969-க்குப் பின் குடியுரிமையும் வேலை பெர்மிட்டும் இல்லாமல் கப்பலேறிய குடும்பங்கள், நம்மைவிடப் பல நூற்றாண்டு முன்னதாக வந்து, தமிழை இழந்தும் பொய்யாத விநாயகர் கோயிலை இழக்காத மலாக்கா செட்டிகள்... ஒவ்வொன்றும் ஒரு நாடகம். இவற்றை நேரில் கண்ட பாட்டிகளும் தாத்தாக்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போன பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

எழுதக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆசிரியர், ஆலைத் தொழிலாளி, பஸ் ஓட்டுநர், இடைநிலைப் பள்ளி மாணவி என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நாடகம் நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடுவது அல்ல. நாலு பேர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எந்த வசனம் நாக்கில் ஏறவில்லை, எந்த இடத்தில் கூட்டம் கொட்டாவி விடும் என்பது அப்போதுதான் தெரியும். திருத்தி எழுத வேண்டும், மறுபடி படிக்க வேண்டும். இதைத் தனி ஒருவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்ய முடியாது.

நம் சிறுகதை எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பயிற்சி கொடுத்தார்கள், குறை நிறை சொன்னார்கள், தரம் பிரித்தார்கள். பின்னர் பவுன் பரிசும், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் வந்தன. எழுத்தாளர்கள் தானாக முளைத்துவிடவில்லை, தண்ணீர் ஊற்றப்பட்டது. நாடகத்திற்கோ வானொலி மட்டுமே பெரும்பாலும் துணை நின்றது.

பக்கத்தில் சிங்கப்பூரில் ரவீந்திரன் நாடகக் குழு ‘பத்தே நிமிடம்’ என்ற திட்டத்தின்வழி புதியவர்களைப் பத்து நிமிட நாடகம் எழுத வைத்து மேடையேற்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி இளைஞர்களையும் ஆசிரியர்களையும் பழக்கினார். போரின் நடுவே 1985-இல் அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ மக்கள் முன் அரங்கேறியது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

மலாக்காவில் உடனே செய்யக் கூடியவை இவை. ஒன்று, மாதம் ஒரு மாலை ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளியிலோ ஆலய மண்டபத்திலோ புதிய நாடகத்தைக் கூடிப் படிப்போம். ஜாசினில் ஒரு மாதம், அலோர் காஜாவில் ஒரு மாதம் என்று சுற்றி வரலாம். இரண்டு, ஒவ்வொரு திருவிழாவிலும் அரை மணி நேரம் உள்ளூர் நாடகத்திற்கு ஒதுக்குவோம். மூன்று, எழுதியவருக்குப் பணம் கொடுப்போம். பந்தல்காரருக்குக் கூலி உண்டு, எழுத்தாளருக்குப் பொன்னாடை மட்டுமா? நான்கு, மாநிலத்தின் கலை, பண்பாட்டு ஒதுக்கீட்டில் தமிழ் நாடகத்திற்கும் பங்கு கேட்போம். நாமும் வரி கட்டுகிறோம். தமிழ் நாடகமும் மலேசிய நாடகம்தான். அது சலுகை அல்ல, உரிமை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆதரிப்பது வேறு, அடக்கி வைப்பது வேறு. நாடகத்தில் சம்சுவும் குண்டர் கும்பலும் வரும். மனைவியை அடிக்கும் கணவன் வருவான். வாக்குறுதி கொடுத்து மறந்த தலைவரும் வருவார், ஆலய நிர்வாகத்தின் நாற்காலிச் சண்டையும் வரும். “இந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள், ஒய்.பி. வருகிறார்” என்று சொல்லக் கூடாது. நம்மைப் பற்றி நாமே உண்மை பேச அஞ்சினால், பிறர் நம்மைப் பற்றிச் சொல்வதையெல்லாம் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“இப்போது யார் நாடகம் பார்க்க வருவார்கள்? எல்லோர் கையிலும் கைப்பேசி” என்று சிலர் கேட்பார்கள். தன் பாட்டி நடந்த பாதையை, தன் லயத்துப் பேச்சை, தன் தெருப் பெயரை மேடையில் கேட்டால் வருவார்கள். ஒருமுறை செய்து பார்ப்போம்.

அடுத்த திருவிழாக் கூட்டத்திற்குப் போகும்போது இந்த ஒரு கேள்வியை எழுப்புங்கள்: “நம் ஊர் நாடகத்திற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?” பதில் வரும்வரை உட்காராதீர்கள்.