அரங்கில் ஒளியமைத்தல்

நாடகம் என்பது கண்டும் கேட்டும் இன்புறற்குரிய கலையாகும். கேட்டற்குரிய பகுதியில் நம் மாணவர் காட்டும் ஊக்கம் சிறிதன்று. வசனங்களை மனனஞ் செய்தற்கும், பாட்டுக்களைப் பயிலுதற்கும் இரண்டு திங்கள் அயராது உழைக்கின்றனர். காண்டற்குரிய பகுதியிலோ, வேடத்துக்கும் திரைக்கும் செலவிடும் கவலையில் நூற்றிலொரு பங்கேனும் விளக்கொளிக்குச் செலவிடுவாரைக் காண்கிலோம். விழா நாளன்று பிற்பகல் வாடகை விளக்குகள் வண்டியில் வந்திறங்குகின்றன. கட்டுதற்குக் கம்பம் எங்கே, மின்சாரம் எடுத்தற்கு இடம் எங்கே என்னும் வினாக்கள் அப்பொழுதுதான் எழுகின்றன. திரை எழும்பும் வரையில் ஏணி மேடையிலேயே நிற்கின்றது. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதும், மாற்றுதற்கேற்ற கருவி இன்று நம் கையகத்தே உளது என்பதும் ஈண்டு நாம் கூறக் கருதிய பொருளாம்.

சென்ற விழாவில் நேர்ந்ததை நம் நண்பர் பலரும் மறந்திரார். தகடூர் என்னும் பழம்பெயரால் நம் தருமபுரிக்குப் புகழ் தந்த அதியமான், அரிதிற் பெற்ற நெல்லிக்கனியை ஔவையார்க்கு ஈயும் காட்சி அது. அக்கனியைக் கையிலேந்தி அரசன் முன்வந்த அந்நொடியில், மேடை முழுவதும் கருநீல ஒளி பரந்தது. செவ்வண்ணம் பூசிய அவன் முகம் அவ்வொளியிற் கரிக்கட்டைபோல் இருண்டது. கனி இருந்த கை எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. அவையின் பின்புறத்தே சிரிப்பு எழுந்தது. இரு திங்கள் உழைத்த மாணவர் கண்கலங்கித் திரைக்குப்பின் நின்றதை நாம் நேரிற் கண்டோம். விளக்கு இயக்கியவரைச் சிலர் கடிந்தனர். குற்றம் அவருடையதன்று. எந்த வசனத்தின்போது எந்த விளக்கு எவ்வளவு ஒளிர வேண்டும் என்று அவர் கையில் ஒரு துண்டுத் தாளேனும் நாம் கொடுத்தோமா? வாய்மொழியாகச் சொன்னதை ஆரவாரத்தினிடையே அவர் எங்ஙனம் நினைவில் வைத்திருத்தல் கூடும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகவே நம் கடிந்துரை முடிந்தது.

அத்துண்டுத் தாளின் விரிவே ஒளியமைப்புத் திட்டம் எனப்படுவது. அதற்கு இரண்டு உறுப்புக்கள் உண்டு. முதலாவது வரைபடம். அரங்கினை மேலிருந்து நோக்கியவாறு அளவுக்கேற்ப வரைந்து, ஒவ்வொரு விளக்கும் தொங்கும் இடம், அதன் வகை, எண், நிறம், ஒளி விழவேண்டிய இடம் ஆகியவற்றைக் குறிப்பது அது. இரண்டாவது வரிசைப் பட்டியல். நாடகத்தின் இன்ன சொல்லில், இன்ன அசைவில், இன்ன விளக்குகள் இத்தனை வினாடியில் ஏறவேண்டும் அல்லது தாழவேண்டும் என்று அது கூறும். வீடு கட்டுவார்க்கு மனைப்படம் எத்துணை இன்றியமையாததோ, ஒளியமைப்பார்க்கு இத்திட்டமும் அத்துணை இன்றியமையாததாகும்.

இஃது ஏதோ மேனாட்டார் வாழ்வினின்று இரவல் கொண்ட எண்ணம் என்று எவரும் கருதற்க. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நோக்குமின். மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதென்று அளவு கூறப்பட்டுள்ளது. மூவகைத் திரைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றோடு அமையாது, தூண்களின் நிழல் இடையூறாக விழாதவாறு விளக்கு நிறுத்திய செய்தியையும் இளங்கோவடிகள் விடாது கூறினார். நிழல் எங்கு விழுமென்று முன்னரே எண்ணி விளக்கின் இடத்தைத் தேர்வதன்றோ ஒளித்திட்டத்தின் உயிர்நாடி? அதனை அறிந்திருந்த மக்களின் வழிவந்த நாம், இன்று ஒலிபெருக்கிக் கம்பத்தின் நிழல் நாயகியின் முகத்தின்மேல் விழக் கண்டும் வாளா இருக்கின்றோம்.

நம் மாவட்டத்தின் சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் நிகழும் தெருக்கூத்தும் நமக்கு இதனையே கற்பிக்கின்றது. இரவு முழுவதும் ஆடப்படும் அக்கூத்துக்கு முற்காலத்தில் தீவட்டிகளே ஒளி தந்தன. பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அதன்பின் மின்விளக்கு வந்தது. கூத்தரின் முகவண்ணமும், மரத்திற் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் அசையும் தீயொளிக்கென்றே அமைந்தவை. ஒளி சிறிது அசைந்தால் அக்கண்ணாடிகள் மின்னும். கண்ணின் வெண்மை பளிச்சிடும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து வேடம் வெளிப்படுங்கால் காண்போர் உள்ளம் துணுக்குறும். இன்றோ பல ஊர்களில் திருமணப் பந்தலுக்குரிய வெள்ளொளி விளக்குகளை நேர்முகமாக நிறுத்திவிடுகின்றனர். அன்றேல் நொடிக்கொரு நிறம் மாறும் விளக்குகளைச் சுழலவிடுகின்றனர். பச்சை முகத்தில் செவ்வொளி படின் அது கறுக்கும். சிவந்த முகத்தில் நீலவொளி படினும் அவ்வாறே. நள்ளிரவு வரை ஒரு மணி நேரம் உழைத்துத் தீட்டிய முகத்தை ஒரு பொத்தான் அழித்துவிடுகின்றது. நம் மேடையில் அதியமானுக்கு நேர்ந்தது அவ்வூர்களில் அருச்சுனனுக்கும் துரியோதனனுக்கும் நேர்கின்றது. ஆதலின் இவ்விஷயம் கல்லூரி விழாவோடு முடிவதன்று.

மேனாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1881-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்துச் சவாய் அரங்கம் மின்விளக்குகளால் ஒளிபெற்றது. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்டான்லி மெக்கான்டில்ஸ் என்பார் மேடையொளி முறைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். மேடையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருபுறத்தினின்றும் இரண்டு விளக்குகளைச் சாய்வாக நாற்பத்தைந்து பாகையில் அமைத்து, ஒன்றை வெம்மை நிறமாகவும் மற்றொன்றைத் தண்மை நிறமாகவும் வைக்கவேண்டும் என்பது அவர் முறை. 1975-ஆம் ஆண்டில் தாரன் மஸ்ஸர் என்னும் அம்மையார் நியூயார்க் பிராட்வேயில் ‘எ கோரஸ் லைன்’ என்ற நாடகத்துக்குக் கணிப்பொறி நினைவுடைய பலகையைக் கொண்டு ஒளியமைத்தார். 1986-ஆம் ஆண்டில் டி.எம்.எக்ஸ். 512 என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டமையால், பலர் செய்த விளக்குகளும் பலர் செய்த பலகைகளும் ஒன்றோடொன்று உரையாடத் தொடங்கின. நம் நாட்டிலும் இக்கலையில் வல்லார் இல்லாமற் போகவில்லை. கல்கத்தா மினர்வா அரங்கில் 1959-ஆம் ஆண்டில் உத்பல் தத் நிகழ்த்திய ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து ஏறுவதைத் தாபஸ் சேன் ஒளியாலேயே காட்டினார். ஒரு துளி நீருமின்றி அவை நடுங்கிற்று.

இனிக் கணிப்பொறி நமக்குச் செய்யும் உதவி யாதென்று பார்ப்போம். காகிதத்தில் வரைந்த திட்டத்தில் ஒரு விளக்கை இடம் மாற்றினால், வரைபடம், எண் பட்டியல், நிறப் பட்டியல் ஆகிய அனைத்தையும் தனித்தனியே திருத்தவேண்டும். ஒன்றைத் திருத்த மறந்தால் ஏணியின்மேல் நிற்பவன் ஒன்றும், கீழே நிற்பவன் வேறொன்றுமாகப் பேசுவர். திட்டம் வகுத்தற்கென்று அமைந்த மென்பொருளிலோ, ஒரிடத்தில் திருத்தினால் எல்லாப் பட்டியல்களும் தாமே திருந்தும். வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் போன்றவை விலை மிக்கன. கியூ.எல்.சி. பிளஸ் என்னும் மென்பொருள் பொருள் கொடாது எவரும் பெறத்தக்கது. அது விளக்குகளை இயக்குதற்கும், அவற்றின் இடத்தையும் வரிசையையும் குறித்துவைத்தற்கும் ஒருங்கே பயன்படும்.

ஆயினும் எந்த மென்பொருளும் பிறந்த மேனியாக நமக்குப் பொருந்துவதில்லை என்பதை மாணவர் அறியவேண்டும். அவற்றில் அடங்கிய விளக்குப் பெயர்களிற் பெரும்பாலன பிற நாட்டுக் கம்பெனிகளுடையன. நம் வாடகைக் கடைகளில் கிடைக்கும் பெயரில்லா எல்.ஈ.டி. விளக்கு அவற்றில் இராது. ஒரு விளக்கில் முதல் வழி ஒளியளவாகவும் இரண்டாவது சிவப்பாகவும் இருக்கும்; மற்றொன்றில் முதலே சிவப்பாக இருக்கும். அவ்விளக்கை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வழியாக உயர்த்திப் பார்த்து, அதன் இயல்பை நாமே எழுதி மென்பொருளில் சேர்க்கவேண்டும். கியூ.எல்.சி. பிளஸ் இதற்கென்றே ஒரு பகுதியைக் கொண்டுள்ளது. கணக்கும் எளியதே. ஒரு விளக்கு ஏழு வழிகளை உடையதாயின், முதல் விளக்கின் முகவரி 1, இரண்டாவது 8, மூன்றாவது 15 என வளரும். பன்னிரண்டு விளக்குக்கு 84 வழிகள் போதும். ஒரு கம்பியில் 512 வழிகள் உள. நம் மண்டபத்தின் அளவையும் நாமே எடுத்து வரையவேண்டும். விளக்கு மேடைத்தளத்தினின்று பதினைந்தடி உயரத்திலும், நடிகர் முகம் ஐந்தடி உயரத்திலும் இருப்பின், நாற்பத்தைந்து பாகைச் சாய்வுக்கு விளக்கு முகத்தினின்று பத்தடி முன்னே தொங்கவேண்டும். இதனைக் கணிதம் பயிலும் முதலாண்டு மாணவன் ஒரு நிமிடத்தில் அறிவான். பௌதிகம் பயில்வோன், தொலைவு இரட்டித்தால் ஒளி காற்பங்காகக் குறையும் என்று உடன் கூறுவான். வகுப்பறையிற் கற்ற கல்வி ஒரு முகத்தை விளங்கச் செய்வதை அவர்கள் கண்ணாரக் காணுதற்கு இதனினும் சிறந்த வாய்ப்பு வேறு யாது?

இதற்கு எதிராக இருவகை ஆட்சேபங்கள் எழக்கூடும். பெரியோர் சிலர், ‘ஓர் இரவுக் கூத்துக்கு இத்துணை ஆடம்பரம் எதற்கு?’ என்பர். நாம் கேட்பது புதிய விளக்குகளை அன்று. உள்ள விளக்குகளை அறிந்து பயன்படுத்தும் முறையை. திட்டம் இருப்பின் இருபது விளக்கு வாடகைக்கு எடுக்கும் இடத்தில் பன்னிரண்டு அமையும். ஏணியில் ஏறுவாரின் இடர் குறையும். மின்சாரக் கம்பியில் எவ்வளவு சுமை ஏறும் என்பதும் முன்னரே தெரியும். செலவைக் குறைப்பதை ஆடம்பரம் என்பார் உளரோ?

மாணவர் சிலரோ மறுதலையாக, ‘மென்பொருள் வந்துவிட்டது, இனி அது பார்த்துக்கொள்ளும்’ என்பர். இக்கருத்து முன்னதினும் தீயது. திரையில் தோன்றும் நீலம் வேறு, மனித முகத்தின்மேல் விழும் நீலம் வேறு. நம்மவர் மேனிநிறத்துக்கு எவ்வொளி இயைந்தது என்பதைக் கணிப்பொறி அறியாது. ஒத்திகையில் அமர்ந்து நோக்கும் கண்ணே அறியும். காட்சியின் பொருள் யாதென்று நாடகத்தை முதலிற் படியாதவன், ஆயிரம் வழிகளை ஆண்டாலும் நெல்லிக்கனியை இருளிலேயே வைப்பான். அன்றியும், நடுவே மின்சாரம் நின்றுவிடுமாயின் கணிப்பொறியும் நிற்கும். ஆதலின் திட்டத்தின் ஒரு படி காகிதத்தில் அச்சிடப்பெற்று இயக்குவோன் மடியில் இருத்தல் வேண்டும்.

நாம் கல்லூரி அதிகாரிகளிடத்தும் ஆசிரியர்களிடத்தும் வேண்டுவன மூன்று. முதலாவது, நம் மண்டபத்தின் அளவு வரைபடமொன்றை இவ்வாண்டிலேயே மாணவரைக்கொண்டு ஆக்குவித்து, கல்லூரிக் கணிப்பொறியில் நிலையாக வைத்தல். இரண்டாவது, ஒவ்வோராண்டு நாடகத்தின் ஒளித்திட்டத்தையும் நாடகப் பிரதியோடு நூல்நிலையத்தில் சேர்த்துவைத்தல். முந்தினோர் கற்றது பிந்தினோர்க்கு உதவவேண்டுமன்றோ? மூன்றாவது, நம் மாவட்டத்துக் கூத்துக் கலைஞர்களை ஆண்டுக்கொருமுறை வருவித்து, அவர்தம் வேடத்தை எவ்வொளி விளங்கச் செய்யும் என்பதை அவர்களோடிருந்து ஆராய்தல். அசையும் தீயின் மஞ்சளொளியை நம் விளக்குகளில் வருவிக்கும் ஒரு வரிசையை நம் மாணவர் எழுதுவாராயின், அதனைக் கோயில் விழா நடத்துவோர்க்கு இலவசமாய் அளிக்கலாம். அஃது இக்கல்லூரி தன்னைச் சூழ்ந்த ஊர்களுக்குச் செய்யும் மெய்யான தொண்டாகும்.

தகடூர் வேந்தன் தன் ஆயுள் நீட்டிக்கும் கனியைப் புலமைக்கு ஈந்தான். அவ்வீகையை மீண்டும் மேடையில் காட்ட முயலும் நம் இளைஞர், அடுத்த விழாவிலேனும் அக்கனியைக் கடைசி வரிசையில் அமர்ந்த தாயரும் தந்தையரும் காணச் செய்வார்களாக. அவர்களிற் பலர், தம் மக்கள் மேடையில் நிற்கும் அவ்வொரு நாளைக் காணவே பேருந்து ஏறி நெடுந்தொலைவு வருகின்றனர். அவர்களுக்குத் தம் மக்களின் முகத்தைத் தெளிவாகக் காட்டுவது நம் கடனாகும்.