ஓடும் முன்பு பத்து நிமிடம்!

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கே தயாராகின்றன.

அவற்றைச் செய்கிறவர்களில் வாலிபர்கள் ஏராளம். பெண்களும் உண்டு. பலர் "ஷிப்டு" முழுவதும் நின்றபடியே வேலை பார்க்கிறார்கள்.

வேலை முடிந்ததும் சிலர் ஓடப் போகிறார்கள். எதற்காக?

சிலருக்கு உடம்பு இளைக்கவேண்டும். சிலருக்குப் போலீஸ் உத்தியோகம் வேண்டும். தமிழ்நாடு போலீஸ் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2½ நிமிடத்துக்குள் ஓடவேண்டும்.

நின்ற கால்

எட்டு மணி நேரம் நின்ற கால் எப்படி இருக்கும்? கெண்டைக்கால் கல் போல இறுகி இருக்கும். கணுக்கால் மடங்க மறுக்கும். இடுப்பு விறைத்துக் கிடக்கும்.

அந்தக் காலோடு, எடுத்த எடுப்பில் வேகமாக ஓடினால் என்ன ஆகும்? தசை பிடித்துக்கொள்ளும். குதிகால் வலி வரும்.

கால் கெட்டால் தேர்வு போகும். சம்பளமும் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு, வேலைக்கு வராத நாளில் கூலி ஏது?

இழுத்தால் போதுமா?

பலர் குனிந்து கால் கட்டை விரலைத் தொடுகிறார்கள். திண்ணை மீது காலை வைத்து இழுக்கிறார்கள். உடனே ஓடுகிறார்கள். இது போதாது.

ஆஸ்திரேலியாவில், ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று. எல்லோரும் முதலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் மட்டும் தசைகளை நீட்டி இழுத்தார்கள். ஆனால், இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயம் ஏற்பட்டது!

என்ன செய்யவேண்டும்?

ஓடும் முன்பு உடம்பை அசைக்கவேண்டும். முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடக்கலாம். பிறகு கணுக்காலைச் சுழற்றலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசலாம். முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்கலாம். இதற்குப் பத்து நிமிடம் போதும். அதன் பின் மெதுவாக ஓடத் தொடங்கவேண்டும்.

காலை நீட்டுவதை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 வினாடி நிற்கவேண்டும். பிறகு மற்றக் கால். வலிக்கும்படி இழுக்கக்கூடாது.

நிர்வாகத்தின் கடமை

ஜப்பானில் 1928-ம் ஆண்டு முதல் ரேடியோ மூலம் தேகப்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். அங்கே பல தொழிற்சாலைகளில், வேலை தொடங்கும் முன்பு எல்லோரும் சேர்ந்து கை, கால்களை அசைக்கிறார்கள். நின்று வேலை செய்கிறவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று, 1948-ம் ஆண்டிலேயே இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது.

ஆகவே, ஒரகடத்திலும் ஒவ்வொரு "ஷிப்டு"க்கும் பத்து நிமிடம் ஒதுக்கவேண்டும். அதை வேலை நேரத்திலேயே தரவேண்டும். சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

எந்திரத்துக்கு எண்ணெய் போட நேரம் இருக்கிறது. அதை ஓட்டுகிறவனின் முழங்காலுக்கு மட்டும் நேரம் இல்லையா?