சில்லறைக் காசும் தேய்ந்த செருப்பும்!



பயிர் இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்டு கலெக்டர் ஆபீஸ் முன்பு நாம் நடத்தப்போகும் ஆர்ப்பாட்டத்துக்கு வேன் வாடகை, பந்தல், சாப்பாடு எல்லாவற்றையும் தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சில பெரிய மனிதர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் உரம் விற்பவர். இன்னொருவர் அடுத்த தேர்தலில் நிற்க ஆசைப்படுபவர். "வர்ற காசை ஏன் வேண்டாங்கறீங்க? ஆளுக்குப் பத்து ரூபா வசூல் பண்ணி என்னைக்கு ஆர்ப்பாட்டம் நடத்துறது?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் சொல்ல அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஜே போட அல்ல. அங்கே சாதாரண ஜனங்கள் செய்ததைச் சொல்லத்தான்.

அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். நம்ம ஊர் காங்கிரஸ் கட்சி வேறு, இது வேறு. கீழ்ச்சபையில் 435 உறுப்பினர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். கம்பெனிகள் வேட்பாளருக்கு நேரடியாகப் பணம் தரக்கூடாது என்று 1907 முதலே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தால் சந்தும் இருக்குமே! கம்பெனி அதிகாரிகள் நிதிக்குழு அமைத்துத் தருகிறார்கள். 2010 இல் அங்கத்திய சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளர் கையில் கொடுக்காமல் தனியாக விளம்பரம் செய்தால் எத்தனை கோடி வேண்டுமானாலும் கொட்டலாம். கொட்டியவன் சும்மா இருப்பானா? சோழியன் குடுமி சும்மா ஆடாது!

இதற்கு மாற்றாக இன்டர்நெட் வழியாக 5 டாலர், 10 டாலர் என்று ஜனங்களிடம் வசூலிக்கும் முறை வளர்ந்தது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்குப் பணம் திரட்ட 2004 இல் ஆக்ட்புளூ என்ற அமைப்பே தொடங்கப்பட்டது.

2018 இல் நியூயார்க் நகரில் என்ன நடந்தது? அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் என்ற 28 வயதுப் பெண், ஓட்டல் பாரில் வேலை பார்த்தவர், எம்.பி. பதவிக்குப் போட்டியிட்டார். எதிரே ஜோ கிரௌலி: 1999 முதல் எம்.பி., கட்சியின் சபைத் தலைவர்களில் நான்காம் இடம். அங்கே வேட்பாளர் யார் என்பதைத் தலைவர் வீட்டுத் திண்ணையில் முடிவு செய்வதில்லை. கட்சிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிரௌலி பத்து மடங்குக்கும் மேல் செலவு செய்தார். அந்தப் பெண்ணோ கம்பெனி நிதிக்குழுப் பணம் ஒரு பைசா தொடமாட்டேன் என்றார். அவருக்கு வந்ததில் பெரும்பகுதி சில்லறைக் காசு.

அந்தக் காசை வைத்து ஹெலிகாப்டரா விட்டார்? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். மழைத்தண்ணி உள்ளே ஏறும் அளவுக்கு ஷூவின் அடிப்பாகம் ஓட்டையாகிப் போச்சு. அந்த ஷூவின் படத்தை ஜெயித்த பிறகு அவரே வெளியிட்டார். ஜூன் 26 அன்று சுமார் 4,000 ஓட்டு வித்தியாசத்தில் கிரௌலியைத் தோற்கடித்தார். நவம்பரில் எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தோழர்களே, இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 இல் ஜார்ஜியா மாநில இடைத்தேர்தலில் ஜான் ஆசாஃப் என்பவருக்கு 2 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொகுதியில் ஓட்டே இல்லாதவர்கள். "வெளியூர்க்காரன் காசு" என்று எதிர்த்தரப்பு அதையே பிரசாரம் ஆக்கியது. தோற்றார். 2020 இல் கென்டக்கியில் மேல்சபைக்கு நின்ற ஏமி மெக்ராத்துக்கு 9 கோடி டாலருக்கு மேல் வசூல். கிட்டத்தட்ட 20 சதவீத வித்தியாசத்தில் தோல்வி. காசு வந்தது, ஓட்டு வரவில்லை. போனைத் தட்டிக் காசு அனுப்பியாச்சு, கடமை முடிஞ்சது என்று உட்கார்ந்தால் இதுதான் கதி.

வசூலில் ஏமாற்றும் உண்டு. அதே 2020 இல் டிரம்ப் தரப்பு, திரும்பத் திரும்பப் பணம் பிடிக்கச் சம்மதம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தது. கவனிக்காத பெரியவர்கள் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. புகார் வந்து கோடிக்கணக்கில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, காசு சிறிசோ பெரிசோ, கணக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தது 200 டாலரைத் தாண்டினால் பெயரும் தொழிலும் பொதுப் பார்வைக்கு வந்தாக வேண்டும். இங்கே? யார் யாருக்குக் கொடுத்தார் என்றே தெரியாத தேர்தல் பத்திரம் 2018 இல் வந்தது. 15-2-2024 அன்று சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்று அடித்த பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது.

இப்போது சொல்லுங்கள், உர வியாபாரி பந்தல் போட்டால் அந்தப் பந்தலில் நின்று கலப்பட உரத்தைப் பற்றிப் பேச முடியுமா? தேர்தல் ஆசைக்காரர் வேன் பிடித்தால், வேன் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வார்? காசு கொடுத்தவன் கடிவாளத்தையும் சேர்த்துத்தான் பிடிப்பான்.

ஆகவே:

ஆளுக்குப் பத்து ரூபாய்தான். கையில் கொடுத்தாலும் போனில் அனுப்பினாலும் ரசீது உண்டு.

வரவு செலவுக் கணக்கு ஊருக்கு ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டப்படும்.

காசோடு வேலை முடியாது. காசு கொடுத்த ஒவ்வொருவரும் ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் பத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இன்சூரன்ஸ் கட்டிய ரசீதையும் சிட்டா அடங்கலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டும்.

குத்தகைக்காரர், பெண் விவசாயி வீடு ஒன்றைக்கூட விடக்கூடாது.

பெரிய மனிதர்களும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரையும் போலப் பத்து ரூபாய் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, வரிசையில் வந்து நிற்கட்டும்!

நம் காசு! நம் கால்! நம் கோரிக்கை!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்